அடையாற்றில் பிறந்த மாதர் சங்கம்

சங்கம் வைத்த பெண்கள் – 7

சரளாதேவி சௌதுராணி 1910இல் தொடங்கிய பாரத் ஸ்த்ரீ மகாமண்டலத்தின் கதையைச் சென்ற இதழில் முடித்தோம். பல ஊர்களில் கிளை வைத்தும் அது நெடுநாள் ஓடவில்லை. சரளாதேவி என்ற ஒருவரின் உழைப்பை நம்பி நின்ற அமைப்பு. அவருடைய கவனம் வேறு பக்கம் திரும்பியதும் படுத்துவிட்டது. ஏழாண்டு கழித்துச் சென்னையில் எழுந்த சங்கம் அப்படி ஒருவர் தோளில் ஏறி உட்காரவில்லை. அதன் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1917ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். இந்தியாவுக்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி தருவோம் என்று ஆகஸ்ட் 20 அன்று லண்டனில் அறிவித்திருந்த இந்தியா மந்திரி எட்வின் மாண்டேகு, நிலவரத்தை நேரில் பார்க்கக் கப்பலேறி வந்தார். அவர் போன இடமெல்லாம் மனுவும் கையுமாகக் கூட்டம். ஜமீன்தார்கள், வியாபாரிகள், வகுப்புச் சங்கங்கள், காங்கிரஸ், முஸ்லிம் லீக், சென்னையில் நீதிக்கட்சி என்று வராதவர்கள் இல்லை. மார்கரெட் கசின்ஸ் என்ற ஐரிஷ் பெண்மணியும் ஒரு விண்ணப்பம் போட்டார். பெண் கல்வியைப் பற்றி மந்திரியிடம் பேச வேண்டும், சில பெண்களோடு வருகிறோம், நேரம் ஒதுக்குங்கள் என்பதுதான் விஷயம். அரசியல் சீர்திருத்தம் பற்றிய கோரிக்கையாக இருந்தால் மட்டுமே மந்திரி தூதுக்குழுவைச் சந்திப்பார் என்று பதில் வந்தது.

வேறொருவராக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார். கசின்ஸ் மனுவை மாற்றி எழுதினார். கல்வியோடு ஓட்டுரிமையும் சேர்ந்துகொண்டது. இந்தியப் பெண்களின் முதல் வாக்குரிமைக் கோரிக்கை இப்படித்தான், ஓர் அலுவலகத்தின் கறார் பதிலால், காகிதத்தில் ஏறியது. அந்த அதிகாரி ‘கல்விதானே, வாருங்கள்’ என்று சொல்லியிருந்தால் கோரிக்கை எழ இன்னும் சில ஆண்டுகள் ஆகியிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கசின்ஸுக்கு ஓட்டுரிமை புதிய விஷயமே இல்லை. 1908இல் ஐரிஷ் பெண்கள் வாக்குரிமைக் கழகத்தைத் தொடங்கியவர்களில் அவர் ஒருவர். ஜன்னல் கண்ணாடியை உடைத்த குற்றத்துக்காக லண்டன் ஹாலோவே சிறையிலும், பிறகு அயர்லாந்தின் டுல்லமோர் சிறையிலும் இருந்தவர். கணவர் ஜேம்ஸ் கசின்ஸ் கவிஞர், பிரம்மஞான சபைக்காரர். அன்னி பெசன்ட் அழைக்க, 1915இல் இருவரும் இந்தியாவுக்கு வந்தார்கள்; பிறகு மதனப்பள்ளிக் கல்லூரியில் பணியாற்றினார்கள். 1919இல் தாகூர் மதனப்பள்ளியில் வந்து தங்கியபோது ‘ஜன கண மன’ பாடலுக்கு ஸ்வரக் குறிப்பு எழுதி வைத்தவரும் இந்த அம்மையார்தான்.

ஆனால் அடையாற்றுச் சங்கத்தை கசின்ஸ் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. மண் ஏற்கனவே பதமாக இருந்தது. சென்னையில் தமிழ் மாதர் சங்கம் என்ற அமைப்பு இருந்தது. இந்தியப் பெண்களும் ஐரோப்பியப் பெண்களும் அதில் சேர்ந்து கூடினார்கள். எழும்பூரில் சகோதரி சுப்புலட்சுமி 1912இலேயே சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கிவிட்டார். அவர் கதை தனி. மயிலாப்பூரில் 1886இல் பிறந்து, சிறுமியாகவே விதவையாகி, தலைவிதி என்று மூலையில் உட்காராமல் படித்து, 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். தம்மைப் போன்ற இளம் கைம்பெண்களை ஆசிரியைகளாக்க ஒரு விடுதி தொடங்கினார். விதவைகள் என்றால் வீடு வாடகைக்குக் கொடுக்கத் தயங்கிய காலம் அது. விடுதி கடைசியில் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸுக்குப் போய்ச் சேர்ந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய கட்டடம். விவேகானந்தர் தங்கிய இடம். 1917இல் அரசாங்கம் அதை வாங்கி விடுதிக்குக் கொடுத்தது. அங்கே படித்த பெண்கள் மாகாணத்தின் பள்ளிகளுக்கு ஆசிரியைகளாகப் போனார்கள். அது பிராமண விதவைகளுக்கான விடுதி என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சாதிக் கட்டுப்பாட்டை உடைக்காமல், அதற்குள்ளேயே ஒரு கதவைத் திறந்துவிட்ட காரியம் அது.

1917 மே 8 அன்று அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் கூடிய பெண்கள் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கினார்கள். இலங்கையைச் சேர்ந்த பிரம்மஞானி ஜினராஜதாசரை மணந்திருந்த ஆங்கிலேயப் பெண்மணி டோரத்தி ஜினராஜதாசர் இதற்குக் கால்கோள் இட்டவர்களில் முதன்மையானவர். அன்னி பெசன்ட் தலைவர். ஒரு ஐரிஷ்காரி, ஒரு ஆங்கிலேயப் பெண், தலைவராக லண்டனில் பிறந்த இன்னொரு பெண்: இந்தியப் பெண்களின் சங்கத்துக்கு இப்படி ஒரு முகப்பா என்று அப்போதும் கேட்டார்கள், இப்போதும் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. கடிதம் எழுத, கூட்டம் நடத்த, தீர்மானம் நிறைவேற்ற அவர்களுக்குப் பழக்கம் இருந்தது. அந்தப் பழக்கம் வேகமாக மற்றவர்களுக்கும் தொற்றியது. அம்மு சுவாமிநாதன் போன்றவர்கள் சங்கத்தில் வளர்ந்து, பத்தாண்டுக்குள் கடிவாளத்தைத் தங்கள் கைக்கு மாற்றிக்கொண்டார்கள்.

தொடங்கி இரண்டு மாதம் முடிவதற்குள் சோதனை வந்தது. தன்னாட்சி இயக்கத்துக்காக அன்னி பெசன்ட்டை ஜூன் மாதம் சென்னை கவர்னர் பென்ட்லண்ட் பிரபு உதகமண்டலத்தில் காவலில் வைத்தார். தலைவரே சிறைப்பட்ட புதுச் சங்கம் கலைந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. பெண்கள் ஊர்வலம் போனார்கள். கோயில்களில் அவருக்காகப் பிரார்த்தனை செய்தார்கள். வீட்டு வாசலைத் தாண்டித் தெருவில் கூட்டமாக நடப்பதே பல பெண்களுக்கு அதுதான் முதல் முறை. செப்டம்பரில் பெசன்ட் விடுதலையானார். டிசம்பரில் கல்கத்தா காங்கிரஸின் தலைவரானார்.

அந்த டிசம்பரில்தான் மாண்டேகுவைச் சந்தித்தார்கள். 1917 டிசம்பர் 18, சென்னை. குழுவுக்குத் தலைமை சரோஜினி நாயுடு. அன்னி பெசன்ட், கசின்ஸ், டோரத்தி, பம்பாயிலிருந்து பார்சிப் பெண்மணி ஹீராபாய் டாட்டா, பேகம் ஹஸ்ரத் மோஹானி என்று பல மாகாணத்தார், பல மதத்தார் இருந்தார்கள். புதிய சீர்திருத்தத்தில் ‘மக்கள்’ என்று எங்கெல்லாம் எழுதுகிறீர்களோ அங்கெல்லாம் பெண்களையும் மக்களாகக் கணக்கில் எடுங்கள் என்பது மனுவின் சாரம். பள்ளிகள் வேண்டும், பிரசவ உதவிக்கும் குழந்தைகள் நலனுக்கும் வசதி வேண்டும் என்பதும் இருந்தது. மாண்டேகு மரியாதையாகவே கேட்டார். சரோஜினியைப் பற்றித் தம் நாட்குறிப்பில், கெட்டிக்காரி, ஆனால் உள்ளுக்குள் புரட்சிக்காரி என்ற பொருள்பட எழுதி வைத்தார்.

அறிக்கை 1918இல் வெளிவந்தது. பெண்கள் ஓட்டைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

வாக்குரிமை விவரங்களைத் தீர்மானிக்க வந்த சவுத்பரோ குழுவும் கைவிரித்தது. கோஷா முறை உள்ள நாட்டில் பெண்களுக்கு ஓட்டு என்பது காலத்துக்கு முந்திய பேச்சு என்றார்கள். சங்கம் சும்மா இருக்கவில்லை. கிளைகள் கூட்டம் போட்டுத் தீர்மானம் அனுப்பின. காங்கிரஸைத் தம் பக்கம் இழுத்தார்கள்: 1918இல் பம்பாய்ச் சிறப்பு மாநாட்டில் சரோஜினி நாயுடு பேசினார்; ஆண்டுக் கடைசியில் தில்லி மாநாட்டில் ஓட்டுரிமைத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் சென்ற இதழில் நாம் விட்டுவந்த சரளாதேவி சௌதுராணி. அவருடைய மண்டலம் ஓய்ந்தாலும் அவர் ஓயவில்லை. 1919இல் ஹீராபாய் டாட்டாவும் அவர் மகள் மிதனும் லண்டனுக்கே போனார்கள். பாராளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார்கள், ஊர் ஊராகப் பேசினார்கள். பாராளுமன்றம் கடைசியில் பந்தை இந்திய மாகாணங்கள் பக்கம் தள்ளிவிட்டது. விருப்பமுள்ள மாகாணச் சட்டசபைகள் தீர்மானம் போட்டுப் பெண்களுக்கு ஓட்டுக் கொடுத்துக்கொள்ளலாம் என்றது 1919ஆம் ஆண்டுச் சட்டம்.

லண்டன் இதைத் தட்டிக்கழிக்கும் வழியாகவே நினைத்தது. சங்கத்துக்கு அது வசதியாகப் போயிற்று. லண்டனில் தெரியாத முகங்களை மாற்றுவதைவிட, சென்னைச் சட்டசபை உறுப்பினர்களைப் பிடிப்பது எளிது. அவர்களில் பலருடைய வீட்டுப் பெண்கள் சங்கத்தில் பழகியவர்கள். 1921இல், நீதிக்கட்சி ஆட்சியில் இருந்தபோது, சென்னைச் சட்டசபை பெண்களுக்கு இருந்த தடையை நீக்கியது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதுதான் முதல். அதே ஆண்டு பம்பாய் பின்தொடர்ந்தது. பிரிட்டனிலேயே அப்போது முப்பது வயதுக்குக் குறைந்த பெண்களுக்கு ஓட்டு இல்லை. ஆணோடு சமமான ஓட்டு 1928இல்தான் வந்தது.

கொண்டாட்டத்துக்கு ஓர் அளவு வைத்துக்கொள்ளலாம். ஓட்டு சொத்துக்கும் வரிக்கும் கட்டுப்பட்டிருந்தது. ஆணுக்கு இருந்த அதே தகுதி பெண்ணுக்கும் என்றால் காதுக்கு நன்றாக இருக்கிறது. பட்டா கணவன் பெயரிலோ மகன் பெயரிலோ இருக்கும் வீட்டில் அதற்கு என்ன பொருள்? பெண்களில் நூற்றில் ஒருவருக்குக்கூட வாக்குச் சீட்டு கிடைக்கவில்லை. வயலில் நாற்று நட்டவளுக்கும் ஆலையில் நூல் இழுத்தவளுக்கும் இதில் பங்கில்லை. சங்கத்து உறுப்பினர்கள் பெரும்பாலும் வக்கீல், நீதிபதி, உத்தியோகஸ்தர் வீட்டுப் பெண்கள். அந்த வட்டத்தைத் தாண்ட அவர்கள் போதுமான அளவு முயலவில்லை என்பது என் கருத்து.

சரி, மகாமண்டலம் செய்யாத எதை இவர்கள் செய்தார்கள்? விடை கிளைகளின் அமைப்பில் இருக்கிறது. ஒவ்வொரு கிளையும் தன்னாட்சியுடையது. சமயம், கல்வி, அரசியல், சமூகத் தொண்டு என்று நாலு துறை. எதை எவ்வளவு செய்வது என்பது அந்தந்த ஊர்ப் பெண்களின் விருப்பம். ஓர் ஊரில் தையல் வகுப்பு, இன்னோர் ஊரில் முதலுதவி, வேறோர் இடத்தில் ஆங்கிலமோ இந்தியோ. தாய்மொழியில் கூட்டம் நடத்தலாம். அடையாற்று உத்தரவுக்காக யாரும் காத்திருக்க வேண்டாம். ஐந்தாறு ஆண்டில் கிளைகள் நாற்பதைத் தாண்டின; உறுப்பினர்கள் இரண்டாயிரத்தைத் தாண்டினார்கள். 1918இல் தொடங்கிய ‘ஸ்த்ரீ தர்மா’ இதழ் அத்தனை கிளைகளையும் கோத்து வைத்தது. ஆங்கிலத்தில் வந்தாலும் தமிழ், தெலுங்குப் பகுதிகள் இருந்தன, பின்னால் இந்தியும் சேர்ந்தது. ஓர் ஊர்க் கிளையின் தீர்மானத்தை அடுத்த ஊர்க் கிளை படித்துத் தானும் ஒன்று போடும். இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியும். அன்று நகரசபையில் பெண் உறுப்பினர் வேண்டும், நீதிமன்றத்தில் பெண் கௌரவ மாஜிஸ்திரேட் வேண்டும் என்று ஒரே கோரிக்கை பல ஊர்களிலிருந்து ஒரே சமயத்தில் அரசாங்கத்தின் மேசைக்குப் போனதற்கு இந்த இதழே காரணம். கசின்ஸே 1923இல் சென்னையில் மாஜிஸ்திரேட்டாக நியமிக்கப்பட்டார். பின்னர் 1932இல், பேச்சுரிமையைப் பறித்த அவசரச் சட்டத்தை எதிர்த்துப் பேசியதற்காக வேலூர்ச் சிறைக்குப் போனார். நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னவர் கூண்டில் நின்றார். சிறை அவருக்குப் பழகிய இடந்தான்.

ஓட்டுப் போடலாம், ஆனால் தேர்தலில் நிற்க முடியாது என்ற நிலை 1926 வரை நீடித்தது. தடை விலகியதும் கசின்ஸ் தூண்ட, கமலாதேவி சட்டோபாத்யாய மங்களூர்த் தொகுதியில் நின்றார். பிரசாரத்துக்குக் கிடைத்ததோ சொற்ப நாட்கள். தோற்றதும் சொற்ப வாக்கில். அவர் பிற்பாடு கைத்தறிக்கும் கைவினைக்கும் செய்ததைத் தனி அத்தியாயமாகவே எழுத வேண்டும்.

அதே சமயம் சட்டசபைக்கு ஒரு பெண்ணை நியமிக்க அரசாங்கம் முன்வந்தது. சங்கம் சொன்ன பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். பையன்கள் மட்டும் படித்த அந்தக் கல்லூரியில் மன்னர் தனி அனுமதி தர, எதிர்ப்புக்கு நடுவே படித்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். நியமனம் வந்தபோது அவர் துள்ளிக் குதிக்கவில்லை. வைத்தியத் தொழில் கெடுமே என்று தயங்கினார். சங்கத்துத் தோழிகள்தான் விடவில்லை. 1927 ஜனவரியில் சட்டசபை அவரை ஏகமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. முத்துலட்சுமிக்குச் சிலை வைக்கிறோம், பிறந்த நாள் கொண்டாடுகிறோம், மிகவும் சரி. அவர் பெயரை எழுதி அனுப்பிய, அவர் கொண்டுவந்த ஒவ்வொரு தீர்மானத்துக்கும் ஊர் ஊராக ஆதரவு திரட்டிய சங்கத்தை மேடையில் யாரும் சொல்வதில்லை.

தேவதாசி முறை ஒழிப்பில் அந்தத் துணை நன்றாகத் தெரிந்தது. 1927இல் தீர்மானம், 1929இல் இந்து அறநிலையச் சட்டத்தில் திருத்தம். இந்தத் திருத்தத்தின் சூட்சுமம் நிலத்தில் இருக்கிறது. கோயிலில் ஊழியம் செய்வதற்காக மானியமாகக் கொடுத்த நிலம் தேவதாசிகளிடம் இருந்தது. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக் கட்டுச் சடங்கை நிறுத்தினால் நிலம் போய்விடும் என்ற பயம் அந்தக் குடும்பங்களைக் கட்டிப் போட்டிருந்தது. ஊழியம் செய்யாமலே நிலத்தை அனுபவிக்கலாம் என்று திருத்தம் சொன்னது. கயிற்றை அறுக்காமல் முடிச்சை அவிழ்த்த வேலை. பொட்டுக் கட்டுவதையே தடை செய்யும் மசோதா 1930இல் வந்தது, சட்டமானது 1947இல்தான். வெளியே மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் தெருத் தெருவாகச் செய்த பிரசாரமும் இதற்கு உரம்.

எதிர்ப்பு காங்கிரஸ்காரர் சத்தியமூர்த்தி போன்றவர்களிடமிருந்து மட்டும் வரவில்லை. தேவதாசிகளே சங்கம் கூடி மனுக் கொடுத்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் முன்னணியில் இருந்தார். எங்களை விபசாரிகளோடு சேர்த்துப் பேசாதீர்கள், எங்களுக்குக் கல்வி கொடுங்கள், கலையை எங்களிடமிருந்து பிடுங்காதீர்கள் என்றார்கள். அவர்களும் பெண்கள், அவர்களுடையதும் மாதர் சங்கந்தான். அடையாற்றுச் சங்கம் அந்தக் குரலுக்கு மதிப்புத் தரவில்லை. ஒழிப்பு வேண்டியதே, பேசியிருக்க வேண்டியதும் வேண்டியதே.

காந்தி கைதானதைக் கண்டித்து 1930இல் முத்துலட்சுமி சட்டசபையிலிருந்து விலகினார். தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள் சிலர் தங்க இடம் கேட்டு வந்தபோது, சாதிவாரியாக இருந்த விடுதிகள் அவர்களைச் சேர்க்க மறுத்தன. தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அவ்வை இல்லம் அப்படித்தான் தொடங்கியது.

குழந்தை மணத் தடுப்பில் சங்கத்தின் பங்கு பெரிது, ஆனால் கதை பலருக்கும் தெரிந்தது. சாரதா சட்டம் 1929இல் நிறைவேறியது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18. முத்துலட்சுமி சென்னைச் சட்டசபையில் கேட்டது 16ம் 21ம். சட்டம் அமலுக்கு வந்த 1930 ஏப்ரல் 1க்கு முன் அவசர அவசரமாகப் பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்தவர்கள் ஏராளம். சட்டத்தை மீறியவர்களைத் தண்டிக்க அரசாங்கம் ஆர்வம் காட்டவும் இல்லை.

1936இல் ‘ஸ்த்ரீ தர்மா’ நின்றுபோனது. அதற்கு முன்பே அகில இந்திய மாதர் மாநாடு வளர்ந்து, தேசிய அளவிலான வேலைகளை எடுத்துக்கொண்டது. சங்கம் சுருங்கிச் சென்னையோடு நின்றது என்று பலர் எழுதிவிடுகிறார்கள். ஆனால் அதன் மிகப் பெரிய காரியம் இன்னும் பாக்கி இருந்தது. முத்துலட்சுமியின் தங்கை புற்றுநோயால் இறந்தவர். 1925இல் மேற்படிப்புக்கு லண்டன் போனபோது அங்கே புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை இருந்ததை அவர் பார்த்தார். 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில், இங்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று பேசினார். உடனே ஒன்றும் நடக்கவில்லை. சங்கத்துப் பெண்கள் புற்றுநோய் நிவாரண நிதி திரட்டத் தொடங்கினார்கள். 1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது. கசின்ஸ் அதே ஆண்டு மார்ச்சில் காலமாகியிருந்தார். முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதை நடத்தினார். மறு ஆண்டு இளம் மருத்துவர் வி. சாந்தா வந்து சேர்ந்தார்.

சகோதரி சுப்புலட்சுமியும் ஓயவில்லை. அவர் தலைமையில் மயிலாப்பூர் லேடீஸ் கிளப் பெண்கள் 1956இல் தொடங்கிய பள்ளிதான் வித்யா மந்திர்.

அந்தப் புற்றுநோய் மருத்துவமனையான அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டின் பெயரைப் பார்த்தால், பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும்: டபிள்யூ.ஐ.ஏ. 1917 மே 8 அன்று அடையாற்றில் தொடங்கிய விமன்ஸ் இந்தியன் அசோசியேஷனின் முதல் எழுத்துகள் அவை.

அடுத்த இதழில் 1927 ஜனவரிக்குத் திரும்பிப் புனேக்குப் போவோம். ‘ஸ்த்ரீ தர்மா’ பக்கங்களில் எழுந்த ஓர் அழைப்பை ஏற்று, ஃபெர்குசன் கல்லூரியில் பரோடா மகாராணி சிம்னாபாய் தலைமையில் பெண்கள் கூடுகிறார்கள்.